பதினேழாம் இலக்கச் சாவி

விழுந்த இடம் பஸ் நிலையம்,
நிலாவெளி பஸ் நிற்கிற மூலை.
அது எனக்குத் தெரியாது; சொன்னார்கள்.
தெரிந்தது, முதலில், வாயில் துருவின் ருசி.
பிறகு ஒரு மான்.
என் சோத்துப் பார்சலைச் சுற்றிய பேப்பரை
அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தது.

வலக்கையைத் திறந்தால்
யாருடையதோ ஒரு சாவிக்கொத்து.
இரும்பைப் பிடித்தால் வலிப்பு விடும் என்று
திணித்த மனிதர்
மூதூர்ப் படகுக்கு ஓடிவிட்டாராம்.
பல் பதிந்த நாக்கோடு
யாரிடம் நன்றி சொல்ல?

"காக்கை வலிப்போ பிள்ளை?"
ஆஸ்பத்திரி வாங்கில் பக்கத்திலிருந்தவர் கேட்டார்.
டொக்டர் ரிஸ்னா அந்தச் சொல்லை எழுதவில்லை.
கிளினிக் கொப்பியில்
கார்பமாசெப்பின், நூறு, இரவில் என்று எழுதி
"மெள்ள மெள்ள ஏத்துவம்" என்றார்,
வள்ளத்தை மணலில் இழுக்கப்போகிறவர் மாதிரி.

தோல் சிவந்து பொங்கினால் உடனே வாங்கோ.
சுகம் எண்டு நீங்களா நிப்பாட்டாதேங்கோ.
கடலில் தனிய இறங்காதேங்கோ.
கன்னியாவில் குளிக்கலாமோ என்றேன்.
வாளியால் அள்ளித்தானே, சிரித்தார், குளியுங்கோ.
சாவி? என்றேன்.
சாவியால் ஒண்டும் ஆகாது.
ஒருக்களிச்சுப் படுக்க வைச்சு
வாயுக்குள்ள ஒண்டும் வைக்காமல்
நேரத்தைப் பார்க்கச் சொல்லுங்கோ வீட்டில.

மருந்து ஏற ஏற
கச்சேரியில், காணிப் பிரிவு மேசையில்,
வரைபடத்தின் கோடு இரண்டானது.
ஒரு காணிக்கு இரண்டு எல்லை.
இந்த மாவட்டத்தில் அதை
நோயென்று எடுப்பார் யாருமில்லை என்பதால்
இரண்டு நாள் பேசாமலிருந்தேன்.
பிறகு குளிசையைக் காலை மாலை என்று பிரித்தார்கள்.
கோடு ஒன்றானது.
காணி வழக்குகள் அப்படியே இருந்தன.

எட்டு மாதம் ஒன்றும் வரவில்லை.
வராத ஒன்றை எப்படி நம்புவது?
சுகமாயிருப்பது நானா, மருந்தா?
அதைத் தெரிந்துகொள்ள
மாசியில் இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன்.
யாருக்கும் சொல்லவில்லை.
மூன்றாம் நாள் அடுப்படி.
நல்லகாலம், பருப்பு இறக்கி ஆறியிருந்தது.
தங்கச்சி நிலத்தில் இருந்து
மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.
இரண்டு நிமிடம் பத்துச் செக்கன்.
ஏசவில்லை.
கொப்பியில் திகதி போட்டாள்,
மிச்சக் குளிசைகளை எண்ணினாள்,
கணக்குப் பிழைத்த இடத்தில்
ஒருதரம் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.
பிறகு பருப்பைத் துடைத்தாள்.

சாவிக்காரரைச் சந்தையில் கண்டுபிடித்தேன்.
பித்தளை வில்லையில் பதினேழு என்றிருந்தது,
கடை இலக்கம்.
தராசு திருத்துகிற மரியதாஸ்.
"அண்டைக்கே பூட்டை உடைச்சாச்சு.
நீங்களே வைச்சிருங்கோ" என்றார்.
பிறகு, குரலைத் தாழ்த்தி:
"இனியும் வருமோ?"
"குளிசை போடுறன்" என்றேன்.
அவர் கேட்டதற்கு அது பதிலில்லை.
இரண்டு பேருக்கும் தெரிந்தது.
மேசையிலிருந்த தராசின் முள்ளை
விரலால் சுண்டிவிட்டார்.
ஆடி, ஆடி,
நடுவுக்குக் கொஞ்சம் இடப்பக்கம் நின்றது.
முகத்தைச் சுளித்துக்கொண்டு
சின்னத் திருகாணி ஒன்றைத் தேடத் தொடங்கினார்.
நான் எழும்பி வந்தேன்.

இந்த மாதம் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் மருந்தில்லை.
வெளியில் வாங்கச் சொல்லிச் சீட்டுத் தந்தார்கள்.
சம்பளத்துக்கு ஒரு கிழமை இருக்கிறது;
பத்துக் குளிசை மட்டும் வெட்டி வாங்கினேன்,
கூர்மையான அந்த வெள்ளித்தாள் ஓரம்
பேர்சுக்குள் விரலைக் கீறியது.

இரவு எட்டு மணி. கரண்ட் இல்லை.
ஆணியில் சாவிக்கொத்து.
போன் வெளிச்சத்தில் ஒன்றைப் பிதுக்கி எடுக்கிறேன்.
தங்கச்சி தண்ணீர்க் கோப்பையை நீட்டிவிட்டு
பார்க்காத மாதிரி நிற்கிறாள்.
வெளியே குப்பைத் தொட்டியை ஏதோ முட்டுகிறது.
மானாகத்தான் இருக்கும்.